வெறுங்கழுத்து

“தங்கத்தைக் காந்தம் இழுக்குமாடி? யாருக்குக் காது குத்தறே?”

தேவகி போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தறி நின்றது. நெய்துகொண்டிருந்த அவள் கணவர் திருமலை எட்டிப் பார்த்தார். மனைவியின் முகத்தைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மருமகள் தேவிப்ரியா தலை குனிந்து நின்றாள். ஆடி வெள்ளிக்குப் படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வைக்க, விசாகப்பட்டினத்திலிருந்து தனியாக வந்திருந்தாள். முந்தானையை இழுத்து இழுத்து மூடியும் காலையில் குட்டு உடைந்துவிட்டது. கழுத்தில் தாலி இல்லை.

“இழுக்காது அத்தை. ஆனா எங்க லேப்ல அதான் ரூல்” என்று மெல்லச் சொன்னாள்.

கடற்படைக்கான ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. இரும்புக் கப்பல் போகப் போக ஒரு பெரிய காந்தமாகவே ஆகிவிடுமாம். எதிரி கடலடியில் போட்டுவைத்த குண்டு அதை மோப்பம் பிடித்து வெடிக்குமாம். அந்தக் காந்தத்தை மறைக்க இவர்கள் வழி தேடுகிறார்கள். அளவெடுக்கும் கூடத்துக்குள் குண்டூசிகூட ஆகாது. மெட்டி, தாலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

“சரி, அங்க கழட்டினே. ஆரணியில எந்தக் கப்பல் நிக்குது? எங்கடி வெச்சிருக்கே அதை?”

“பத்திரமா இருக்கு அத்தை.”

முந்தானையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டாள்.

தேவகிக்குச் சந்தேகம் வலுத்தது. மகன் சுதாகரும் அதே ஊரில்தான் கடற்படையில் இருக்கிறான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்கிறாள் இவள். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவன் வீட்டுக்குப் போன் போட்டால், எந்த நேரத்திலும் மணி மட்டும் அடித்து ஓய்கிறது. பக்கத்து வீட்டு முனியம்மாள் வேறு, விற்றுத் தின்றாளோ, வேண்டாமென்று வைத்தாளோ என்று ஊதிவிட்டுப் போயிருந்தாள்.

ஆனாலும் தேவகி ஒரு படி இறங்கி வந்தாள். பஜாரில் புதுத் தாலி வாங்கி, மஞ்சள் கயிற்றில் தானே கோத்துத் தருவதாகச் சொன்னாள். அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தால் போதும்.

“வேற தாலி வேணாம் அத்தை.”

தேவகி மறுபடி சத்தம் போட்டாள்.

“என் புள்ள கட்டினதும் கழுத்துல இல்ல, நான் குடுக்கறதும் வேணாம். அப்ப இந்த வீட்டு உறவே வேணாம்னுதானே அர்த்தம்? எந்த மூஞ்ச வெச்சிக்கினு உன்ன அம்மன் முன்னால நிறுத்துவேன்? உங்க அம்மா வூட்டுக்கே ஜல்தியா கெளம்பு.”

தேவிப்ரியா அழுதாள். காரணம் மட்டும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா ஊரான வெம்பாக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் பையை எடுத்தாள்.

அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தேவகிக்கு உறைத்தது. கோபம் கொஞ்சமும் தணியாமலே இட்லியை வாழையிலையில் கட்டி, அவள் பையில் திணித்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவன் சுதாகர். இளைத்து, வெயிலில் கறுத்து, ஆளே மாறியிருந்தான். அம்மாவின் முகத்தையும் மனைவியின் கையிலிருந்த பையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அவள ஒண்ணும் கேக்காதம்மா. கப்பல் கடலுக்குப் போயிருக்கறத யாருகிட்டயும் சொல்லக் கூடாது, பெத்தவங்ககிட்டகூட. காலையிலதான் மெட்ராஸ்ல கரையேறினோம்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல், சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தான். உள்ளே மஞ்சள் கயிற்றோடு தாலி இருந்தது.

“தெனம் காலையில லேப் வாசல்ல என்கிட்டதான் கழட்டிக் குடுப்பா. சாயங்காலம் நான்தான் திரும்பக் கட்டிவிடுவேன். அன்னிக்கு அவ வெளிய வர்றதுக்குள்ள கப்பல் கெளம்பிடுச்சு. தாலி என்கிட்ட இருக்குன்னா, கப்பல் போனதையும் சொல்லணுமே.”

தேவகி மருமகளின் பின்னால் போய் நின்று, மகன் முடிச்சுப் போடத் தோதாக அவள் சடையைத் தூக்கிப் பிடித்தாள்.