பஸ் ஓடாத காலை

பஸ் வராது என்று தெரிந்தும் அவள் சீருடையோடு நிறுத்தத்தில் நின்றாள்.

விடிந்ததும் வேலைநிறுத்தம் என்றார்கள். பத்து மணிக்குத் தேர்வு. தூத்துக்குடிக்கு நடந்து போக முடியாது.

டிரைவர் படிப்பு படிக்கிறவளுக்குப் போக வண்டியில்லை என்று கணவனின் அண்ணன் சிரித்திருந்தான்.

அப்போதுதான் சாலைத் திருப்பத்தில் அது தெரிந்தது. அவள் படிக்கும் சமுதாயக் கல்லூரியின் வேன்.

திக்கித் திக்கி வந்தது.

ஓட்டி வந்தவர் முதல்வர் எமல்டா.

வேன் டிரைவரும் ஊரில் மாட்டிக்கொண்டாராம். கார் மட்டுமே ஓட்டிப் பழகிய முதல்வர், சாவியை எடுத்துக்கொண்டு தானே கிளம்பிவிட்டார். வழியெல்லாம் மாணவிகளை ஏற்றியிருந்தார். தையல் பிரிவு, நர்சிங் பிரிவு. ஒருத்தி மடியில் கைக்குழந்தை. பின்னால் இடமில்லை. அவள் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

பாலத்து ஏற்றத்தில் வேன் நின்றுபோனது.

பின்னோக்கி உருண்டது. யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள். பின்னால் வந்த உப்பு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தது.

முதல்வர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கினார். சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இசக்கி, நீ ஓட்டு."

லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வாரம்தான். பக்கத்தில் மாஸ்டர் இல்லாமல் ஓட்டியதே இல்லை. சொல்லிப் பார்த்தாள். முதல்வர் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார். கதவைப் பிடித்தபடியே நின்றார்.

அவள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். பிரேக்கை எடுத்தாள்.

ஏறியது.

உள்ளே எழுந்த கூச்சலில் குழந்தை திடுக்கிட்டு, பிறகு அதுவும் சிரித்தது. பாலத்து உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. இருபுறமும் உப்பளம் வெள்ளை வெளேரென்று. மூன்றாவது கியர் சிக்காமல் விழுந்தது.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள்.

முடியவில்லை.

கல்லூரி வாசலில் எல்லோரும் குதித்திறங்கி ஓடினார்கள். அவள் இன்ஜினை அணைக்கப் போனாள்.

முதல்வர் தடுத்தார். காலனிப் பக்கம் இன்னும் நாலைந்து பேர் நிற்கிறார்களாம். இப்போதுதான் போன் வந்ததாம்.

சொல்லிக்கொண்டே அவரும் இறங்கினார்.

"மேடம், நீங்க வரலியா?"

"நானும் வந்துட்டா, நீங்க வர்ற வரைக்கும் பரீட்சைய யாரு நிறுத்தி வைக்கிறது?"

அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள்.

வேனைத் திருப்பினாள்.

கண்ணாடியில் முதல்வர் தெரிந்தார். சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று படியேறிக்கொண்டிருந்தார்.

ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.