ரசத்தில் இரண்டு சிட்டிகை

அடுக்களை மேடை முழுக்க டப்பாக்கள். ஜன்னல் வழியே விழும் கருங்கல் ஊரின் உச்சிவெயிலில் ஜெப்சி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கிறாள், வைக்கிறாள், வைத்ததையே மறுபடி எடுக்கிறாள். அவளுக்கு வயது இருபத்துமூன்று. சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய், ஆறு வருடமாகக் கோதுமை ஆகாத குடல்நோய். வாசல்படியில் கையூன்றியதற்கே முறிந்த மணிக்கட்டில் மாவுக்கட்டு. இன்று காலை எலும்பு ஸ்கேனைப் பார்த்த டாக்டர், எலும்பு தேறவே இல்லை, எங்கிருந்தோ இன்னும் கோதுமை உள்ளே போகிறது என்று சொல்லிவிட்டார்.

"கோதம்பு இந்த வீட்டுக்குள்ள வராம ஆறு வருசமாச்சு. என்னத்தட்டி தேடுத? இன்சுலின் போட்டு இருபது நிமிசம் ஆச்சு, வந்து சாப்பிடு" என்கிறாள் அம்மா புஷ்பபாய். அடுப்பில் ரசம் நுரை கூடுகிறது. ஜெப்சியின் விரல் பெருங்காயத்தூள் டப்பாவின் மேல் நிற்கிறது.

"அம்மா, இதுல கோதம்பு மாவு கலந்திருக்கு."

"காயத்திலயா?" புஷ்பபாய் டப்பாவைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். "ஒனக்கு வயிறு ஊதும்னு ஒனக்க ரசத்துல மட்டும் ரெண்டு நுள்ளு கூடுதலா போடுவேனே, மக்ளே."

ஊசி போட்டும் சாப்பிடாததில் சர்க்கரை இறங்கி ஜெப்சியின் நெற்றியில் வியர்வை பொடிக்கிறது. விரல்கள் நடுங்கத் தொடங்குகின்றன. "வெறுஞ்சோறும் தயிரும் போதும். சீக்கிரம்மா." புஷ்பபாய் குழாயைத் திறந்து கை கழுவுகிறாள். விரல்களை முகர்ந்து பார்க்கிறாள். சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள், மறுபடி முகர்கிறாள், மறுபடி சோப்பை எடுக்கிறாள்.

"அம்மா, சோறு."

குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது.