வெர்னா வீட்டு ராசி

அந்தச் சிற்றூரின் பேஸ்பால் அணிக்கு வந்து சேரும் இளம் ஆட்டக்காரர்களை ஊர்க் குடும்பங்கள்தாம் வீட்டில் தங்கவைக்கும். அணியின் ஐம்பதாண்டு வரலாற்றுப் புத்தகத்தில் வெர்னாவுக்குத் தனிப் பக்கம். அவள் வீட்டில் தங்கிய பதினொரு பேரும் இரண்டே மாதத்தில் பெரிய அணிக்குப் போய்விட்டார்களாம்.

பெருமைதான். ஆனால், அவர்கள் போனபின் கட்டிலின் போர்வையை மடிக்க அவளுக்கு மனமே வராது.

"ஒருத்தனாவது சீசன் முழுக்க இருக்கக் கூடாதா, ஹாலிஸ்? எனக்கு மட்டும் ஏன் கெட்டிக்காரனாவே அனுப்புறீங்க?"

"கெட்டிக்காரனா?" பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க வெர்னா. இருக்கறதுலயே சோம்பேறியாப் பாத்துதான் உங்க வீட்டுக்கு அனுப்புவேன். உங்க கோழி சூப்பை ரெண்டு வாரம் குடிச்சான்னா, எப்படியாவது மேல போயிடணும்னு வெறி வந்துடும்."

மறுநாளே வெர்னா சமையல் வகுப்பில் சேர்ந்தாள்.