மாலுமி சொன்னது

"ஸ்பானிஷ் கத்துக்க எது நல்ல வழி, டீச்சர்?"

"எதுக்குக் கத்துக்கறீங்கங்கறதைப் பொறுத்தது, சிஸ்டர்."

நர்ஸ் தயங்கித்தான் சொன்னாள். போன வருஷம் வார்டில் ஸ்பானிஷ் பேசும் மாலுமி ஒருவர் இறந்துபோனார். இவள்தான் கடைசிவரை கூடவே இருந்தாள். அவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அது இன்னும் தூக்கத்தில் கேட்கிறது.

"சொல்லுங்க, அர்த்தம் சொல்றேன்."

"வாயில வரமாட்டேங்குது. காதுல விழுந்தா கண்டுபிடிச்சிடுவேன்."

"அப்ப பேசிப் பழகுங்க. இந்த வயசுல இலக்கணம் படிச்சா முடிதான் கொட்டும்."

கடை, ரயில் நிலையம், ஹோட்டல் என்று ஒவ்வொன்றாக நடித்துப் பேசிப் பழகினார்கள்.

"இன்னிக்கு ஆஸ்பத்திரி. நான்தான் நோயாளி" என்று டீச்சர் சோபாவில் படுத்தாள்.

நர்ஸ் வழக்கம்போல அவள் கையைப் பற்றிக்கொண்டு, பயப்பட வேண்டாம் என்று ஸ்பானிஷில் சொன்னாள். டீச்சர் முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னாள்.

நர்ஸ் சட்டென்று கையை விட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, நடிக்கல சிஸ்டர். நிஜமாவே வலிச்சுது. அதான் கையை விடுங்கன்னேன்."

"புரிஞ்சுது டீச்சர். அவரும் இதைத்தான் சொன்னார். பயத்துல புலம்பறார்னு நினைச்சு, சொல்லச் சொல்ல நான் இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்."