மின்னும் செருப்பு

செருப்புக் கடையில் பில் போடும் பெண், "போன் நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள். மரகதத்தின் வாய் தானாகப் பத்து இலக்கங்களைச் சொல்லி முடித்தது. ஒன்பது வருடம் எல்லாக் கடைகளிலும் சொல்லிப் பழகிய புருஷனின் எண். அவனுக்குப் பயந்து மகளோடு இந்த ஊருக்கு ஓடிவந்து பதினோரு மாதம் ஆகிறது.

"எங்க வேற ஊர்க் கிளையில பதிஞ்சிருக்கு, தண்டபாணின்னு பேர் வருது, சரிங்களா?"

"ஐயோ, அத அழிச்சிரும்மா."

"பில்லு அவரு போனுக்கு மெசேஜாப் போயிருச்சேக்கா. கடை அட்ரசு, செருப்பு சைசு எல்லாம் அதுலயே இருக்கும். சேரலைன்னா ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம்."

அடிவைக்கும்போதெல்லாம் சிவப்பாக மின்னும் புதுச் செருப்போடு மகள் கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

"கழட்டிரு கண்ணு" என்றாள் மரகதம்.

"ஏம்மா?"

கவுன்டரில் இருந்த கடை போன் அடிக்கத் தொடங்கியது.