குண்டு டயர்

"யாரைக் கேட்டு மாத்துன?"

"யாரையும் கேக்கல," என்றாள் மனைவி.

ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்த் திரும்பியவனுக்கு வாசலிலேயே தூக்கிவாரிப் போட்டது. தெருவை அடைத்து நிற்கும் அந்தப் பெரிய காருக்கு அவன் ஆசை ஆசையாகப் போட்ட இருபத்திரண்டு இன்ச் பளபள சக்கரங்களைக் காணோம். அந்த இடத்தில் சின்ன ரிம்மும், அதைச் சுற்றி உப்பிய கறுப்பு டயரும். கோட்டு சூட்டு போட்டவனுக்கு ரப்பர் செருப்பு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

பெரிய சக்கரம் என்றால் டயர் மெல்லிசு. பார்க்க ஜோர்தான். ஆனால் டயரில் காற்றுக்கு இடமில்லை என்றால் ரோட்டில் இருக்கிற குழியெல்லாம் நேராக முதுகெலும்பில் வந்து விசாரிக்கும். அவள் இதை முன்பே பலமுறை சொல்லியிருக்கிறாள். பழகிடும் என்று அவனும் பலமுறை சொல்லியிருக்கிறான். சொல்வது அவனுக்குச் சுலபம். வார நாளில் ஆபீஸ் பஸ்ஸில் போய்விடுவான். பிள்ளைகளைப் பள்ளிக்கும், ஆபரேஷன் ஆன மாமனாரை ஆஸ்பத்திரிக்கும் வண்டியில் கூட்டிப் போகிறவள் அவள்தான்.

"எனக்கு இடுப்பு வலி. அதான் மாத்தினேன்," என்றாள்.

விருந்தாட வந்திருந்த நாத்தனார் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். "காலையில அண்ணி தனியா நின்னு பீரோவை நகர்த்தினாங்களே. இடுப்பு வலிக்காரங்க பண்ற வேலையா அது?" என்றாள், சுவரிடம் கேட்பது போல.

அண்ணன்காரன் அதைப் பிடித்துக்கொண்டான். வண்டிக்கு அழகே சக்கரம்தான், நண்பர்கள் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது, இந்தக் குண்டு டயரைப் போட்டால் வளைவில் வண்டி யானை மாதிரி அசையும் என்று அடுக்கினான்.

"அசையட்டும். அசைஞ்சா யாரும் செத்துப்போக மாட்டாங்க."

மாமனார் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். தன் மனைவி காலமான பிறகும், வீட்டுக்குள்ளேயே சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுகிற ஆள். மகன் அவரையும் பஞ்சாயத்துக்கு இழுத்தான். சொல்லாமல் செய்தது தப்புதான் என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

மருமகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பழைய சக்கரம் எங்கே என்று கேட்டான் கணவன். கடையில் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கியதாகச் சொன்னாள். எந்தக் கடை என்றான். தன் தம்பி வேலை செய்கிற கடை என்றாள்.

நாத்தனார் "ஓகோ" என்றாள். அந்த ஓகோவில் முழு வழக்கும் இருந்தது.

அதற்கப்புறம் டயரை மறந்துவிட்டார்கள். பிறந்த வீட்டுப் பாசம் எதையெல்லாம் செய்யச் சொல்லும் என்று நாத்தனார் விளக்கினாள். தம்பிகாரன் அந்தச் சக்கரத்தை இந்நேரம் எங்கே கைமாற்றினானோ என்றாள். கணவன் முகத்தில் சந்தேகம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"என் தம்பி உங்க சக்கரத்தை உருட்டிப் பிழைக்கணும்னு இல்ல," என்றாள் அவள்.

"அப்போ நிஜக் காரணத்தைச் சொல்லு."

"சொல்லியாச்சு. இடுப்பு வலி."

"பொய்."

"பொய்யாவே இருக்கட்டும். நீங்க இன்னைக்கு டயரை மாத்தினா, நாளைக்கு நான் திரும்ப மாத்துவேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

கணவன் குரலை இறக்கிப் பேசினான். அப்படிப் பேசினால் அவன் சொன்னதைச் செய்கிறவன். "பழைய வீல் நாளைக்குள்ள வண்டிக்கு வரணும். இல்லைன்னா உன் தம்பி இனிமே இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது."

அவள் முகம் வெளுத்தது. அப்பா அம்மா இல்லாதவள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பதே அந்தத் தம்பி ஒருவன்தான். கண் கலங்கியது, ஆனால் தலை குனியவில்லை.

"வர வேண்டாம்னா வர மாட்டான். நான் போய்ப் பாத்துக்கறேன். டயர் அப்படியேதான் இருக்கும்."

பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. மாமனார் எழுந்து நின்றார்.

"மாமா, நீங்க பேசாம உக்காருங்க," என்றாள் அவசரமாக. அதுவரை நடுங்காத குரல் அப்போதுதான் நடுங்கியது.

அவர் உட்காரவில்லை. மகனைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் என்னால ஒண்ணுக்கை அடக்க முடியலடா. வண்டி ஒவ்வொரு தடவை தூக்கிப் போடும்போதும் சீட்டு நனைஞ்சிடும். இனிமே வீட்டை விட்டு வெளிய வரவே மாட்டேன்னு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாம நான் அடம் பிடிச்சது அதனாலதான். சீட்டைத் துடைச்சவ இவ. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. டயரை மாத்திட்டு வந்து, கிளம்புங்க மாமான்னு நின்னா. ரொம்ப நாள் கழிச்சு நேத்துத்தான் காஞ்ச பேன்ட்டோட இறங்கினேன். அதெல்லாம் தெரிஞ்சும், இவ திட்டு வாங்கும்போது பேப்பர் படிச்சேன் பாரு."

நாத்தனார் மடக்கிய காலை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

மருமகளுக்கு இப்போது மாமனார் மேல்தான் கோபம். "இதுக்கா நான் இவ்வளவு நேரம் பேச்சு வாங்கினேன்? யாருக்கும் தெரிய வேண்டாம்னுதானே மாமா..."

"போதும்மா. எனக்காக உன் தம்பியையே விட்டுக்குடுக்கத் துணிஞ்சிட்ட," என்றார் அவர். "அப்படிக் காப்பாத்தற மானம் எனக்கு வேண்டாம்."