ஏரிச் சேறு

"துரோகி!"

கத்தலோடு சேர்ந்து ஒரு கை சேறும் பறந்து வந்தது. காரிலிருந்து இறங்கிய சுற்றுச்சூழல் அமைச்சரின் தோளில் சொத்தென்று விழுந்தது. நல்ல கறுப்பு ஏரிச் சேறு.

காவலர்கள் பாய்ந்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்த அந்தப் பெண் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தாள்.

"விடுங்க, துரத்த வேண்டாம். நானும் ஒரு காலத்துல எறிஞ்சவதான்" என்றார் அமைச்சர்.

அது ஊரறிந்த கதை. இதே ஏரிக்காக அன்றைய அமைச்சரின் கார்மேல் ஒரு வாளி சேற்றைக் கொட்டியவர் இவர். 'சேத்தக்கா' என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். அந்தப் பெயரை வைத்தே அவருடைய கட்சி வளர்ந்தது, நாடாளுமன்றம் போனது, கூட்டணி ஆட்சியில் ஒரு நாற்காலியும் கிடைத்தது. நாற்காலி கிடைத்ததும் அக்கா வாயை மூடிக்கொண்டார் என்பதுதான் இப்போது ஊர்ப் பேச்சு.

ஏரியை மூடி விமான நிலையம் கட்ட இன்று அமைச்சரவை முடிவெடுக்கப் போகிறது.

"இன்னைக்காவது எதிர்த்துப் பேசுங்க மேடம்" என்றார் அவருடைய செயலாளர். அன்றைய போராட்டத்தில் ஏரிக்கரையில் அவரோடு பட்டினி கிடந்தவர்.

"எதிர்த்தா நம்ம நாலு எம்.பி.யோட வெளியே போகச் சொல்வாங்க. நாளைக்கே லாரி வந்து மண்ணைக் கொட்டும்."

"அதுக்காக ஏரியை மூடக் கையெழுத்துப் போட்டுடுவீங்களா?"

"போடறேன்னுதான் சொல்லியிருக்கேன்."

செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புடவையையாவது மாத்திக்கிட்டுப் போங்க."

"நேரமில்ல" என்று சேற்றோடேயே அமைச்சரவைக் கூட்டத்துக்குள் நடந்தார்.

பிரதமர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது கோலம்?"

"எங்க ஆளுங்கதான் ஐயா. நான் கையெழுத்துப் போடப் போறேன்னு தெரிஞ்சதும் அடிக்கிறாங்க. எனக்குப் பழக்கம், தாங்கிக்குவேன். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுப் போறப்ப உங்களை எல்லாம் எப்படி வரவேற்பாங்களோ, அதுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல. பேனா குடுங்க."

யாரும் கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்குப் பேர்போன நிதி அமைச்சர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கோஷம் ஓயவில்லை.

"சொந்த ஆளையே இந்தப் பாடு படுத்தறாங்கன்னா..." பிரதமர் தொண்டையைச் செருமினார். "விமான நிலையத்துக்கு முதல்ல பார்த்த அந்தப் பொட்டல் நிலமே போதும்யா. ஏரியை விட்டுடுவோம்."

கூட்டம் முடிந்து வீடு திரும்பிய அமைச்சரின் பின்னாலேயே செயலாளரும் வந்தார். ஏரி பிழைத்ததில் அவருக்கு ஏகச் சந்தோஷம். ஆனால் மனசு ஆறவில்லை.

"ஏரியைக் காப்பாத்தினது அந்தப் பொண்ணு. நீங்க இல்ல. இனிமே உங்ககிட்ட நான் வேலை பார்க்கறதா இல்ல."

"நியாயம்தான்" என்றபடி அமைச்சர் சமையலறைக்குள் போனார்.

குழாயடியில் அவருடைய தங்கை, நகக்கண்ணில் அப்பியிருந்த கறுப்புச் சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அழுதழுது கண் சிவந்திருந்தது.

"ஊரே பார்க்க உன்னைத் துரோகின்னு என்னையே கத்த வச்சிட்டியேக்கா..."

சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார் செயலாளர்.

"அழாதேடி" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார் அமைச்சர். "ஆனா முகத்துக்குக் குறி வைன்னு அவ்வளவு சொல்லியும் தோள்ல எறிஞ்சிட்டியே! பிரதமர் கண்ணுல படாம போயிருந்தா ஏரி என்னடி ஆகியிருக்கும்?"